ராதிவோயின் பென்சில் தராத முப்பத்தேழு

கிகிண்டா என்ற ஐரோப்பியச் சிறுநகரத்தில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் ராதிவோய் தெர்சிச்சுக்கு அறுபத்தோரு வயது. மீட்டரில் என்ன இருக்கிறதோ அதை எழுதுவார். பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒரு லிட்டர் குறைத்ததில்லை, பகையாளி என்று கூட்டியதும் இல்லை. இந்த நல்ல பெயர்தான் அவரைக் கூடைப்பந்து அரங்கத்துக்குள் இழுத்துவிட்டது. செங்கல் சூளைக் கழகத்தின் ஆட்டங்களில், கோட்டுக்கு வெளியே போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்து யார் போட்டது, யார் பிடித்தது, யார் தொலைத்தது என்று பென்சிலால் குறித்து, ஆட்டம் முடிந்ததும் கணினியில் ஏற்றுவது இருபத்தேழு வருடமாக அவர் வேலை. சம்பளம் கிடையாது. இடைவேளையில் ஒரு காப்பி உண்டு, அதுவும் ஆறிப்போய்.

ஐரோப்பியப் பையன்களை அமெரிக்கக் கழகங்கள் ஏன் மலிவாக எடைபோடுகின்றன என்று அங்கே பெரிய படிப்பு படித்தவர்கள் ஆராய்கிறார்கள். கால் மெதுவாம். உடம்பு பூஞ்சையாம். லீக் பலவீனமாம். அந்தப் பலவீனமான லீக்கில் எங்கள் பதினெட்டு வயதுக்காரன் மோதுவது, இரண்டு விவாகரத்தும் முழங்காலில் மூன்று அறுவையும் பார்த்துவிட்ட முப்பத்தைந்து வயது ஆசாமிகளோடு. அங்கே அதே வயதுக்காரன் கல்லூரியில் தன் வயதுப் பையன்களோடு ஆட்டம் முழுக்க ஓடி இருபது புள்ளி எடுக்கிறான். இங்கே பயிற்சியாளர் பதின்மூன்று நிமிடம் இறக்கிவிட்டாலே வீட்டில் கேக் வெட்டுவார்கள். காகிதத்தில் பார்த்தால் அவன் இருபது, இவன் ஐந்து. காகிதத்துக்கு முழங்கை இடி வலிக்காது.

இதோடு அசிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. கூடை விழும்படி பந்தைக் கொடுத்தவனுக்குப் போடும் கோடு. அமெரிக்காவில், வாங்கியவன் பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டி, ஒருவனை ஏமாற்றிவிட்டுப் போட்டாலும் கொடுத்தவனுக்குக் கோடு கிடைக்கும். ராதிவோயின் மேசையில் பந்து தரையைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது.

"பந்து கொடுக்கறது மரியாதைய்யா. காலையில வணக்கம் சொல்றோம், அதுக்கெல்லாம் கோடு போட்டுக்கிட்டா இருக்கோம்?" என்பார்.

ஊரே அப்படித்தான் நினைத்தது. அவருடைய தங்கை தெசான்காவின் மகன் ராஸ்த்கோ பெரியவர்களின் அணியில் சேரும்வரை யாருக்கும் இதனால் நஷ்டமில்லை.

ராஸ்த்கோவுக்கு இருபது வயது, இரண்டு மீட்டர் உயரம், பதினான்காம் எண் சட்டை. தலையைத் திருப்பாமலே பந்தைத் தேவையான கையில் கொண்டுபோய் வைப்பான். ஜூன் மாதம் அமெரிக்கக் கழகங்கள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுக்கும் டிராஃப்டில் அவன் பெயரும் இருந்தது. முதல் முப்பதுக்குள் வந்தால் ஒப்பந்தம் உறுதி, விமானம் உறுதி. அதற்குக் கீழே போனால், பார்க்கலாம் என்று அர்த்தம். கிகிண்டாவில் பார்க்கலாம் என்றால் என்னவென்று செங்கல் சூளையில் வேலை போனவர்களைக் கேட்டால் தெரியும்.

பிப்ரவரியில் வெண்டல் என்று, ஓர் அமெரிக்கக் கழகத்துக்காக ஆட்டக்காரர்களைத் தேடித் திரிபவர் வந்தார். பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அன்று பயிற்சியாளர் ராஸ்த்கோவை ஒன்பது நிமிடம் ஆடவிட்டார். குளிர்காலத்தில் எங்கள் சதுக்கத்து மரங்களில் நூற்றுக்கணக்கில் வந்து அடையும் ஆந்தைகளை வெண்டல் அதைவிட அதிக நேரம் பார்த்தார். கிளம்பும்போது இருபத்து நான்கு ஆட்டங்களின் தாளைப் புரட்டினார்.

"நல்லா பந்து கொடுப்பான்னு சொன்னாங்களே. மொத்தமே நாப்பத்தாறா? ஆட்டத்துக்கு ரெண்டு கூட தேறலையே?"

நான் மொழிபெயர்த்தேன். ராதிவோய் பென்சிலைச் சீவிக்கொண்டே, "இருக்கறதுதான் இருக்கு" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

அந்த ஞாயிறு தெசான்கா வீட்டில் சூப்புக்கு நானும் போயிருந்தேன்.

"அண்ணே, சூப்புல உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு."

"நல்லா பாத்துச் சொல்லு. நீதான் எதையும் சரியா அளக்கறவனாச்சே."

"தெசா, சாப்பிட விடு."

"ரெண்டு கோடு கூடப் போட்டா உன் பென்சில் முறிஞ்சிடுமா?"

"பொய்க் கோடு போடச் சொல்றியா?"

"பொய் வேணாம். ஆட்டமெல்லாம் வீடியோவுல இருக்குல்ல? திரும்ப ஒருதரம் பாரு. உன் சட்டப்படியே பாரு. அவ்வளவுதான் கேக்கறேன்."

ராஸ்த்கோ இதற்குள் மூன்றாவது தட்டுக்குப் போயிருந்தான். "விடும்மா. மாமா பாத்தது பாத்ததுதான்" என்றான்.

ராதிவோய் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனார். ஆனால் போனவர், இருபத்து நான்கு ஆட்டங்களையும் பார்த்தார். பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஒரு தாளை மேசைமேல் வைத்தார்.

"எண்பத்தி மூணு வருது."

"அமெரிக்கக் கணக்குலயா?"

"என் கணக்குல."

தரையைத் தொடாத பந்துகள், வாங்கிய கையோடு கூடைக்குப் போனவை, ஒரு சந்தேகமும் இல்லாத முப்பத்தேழு கோடுகள் விடுபட்டிருந்தன. வேறு எந்த ஆட்டக்காரனுக்கும் ஒன்றிரண்டுக்கு மேல் விடுபடவில்லை.

"எப்படி?" என்றேன்.

"முதல் ஆட்டத்துல கசாப்புக்கடை வெல்கோ கத்தினானே, கேட்டியா? 'மாமன் மேசையில, மருமகன் மைதானத்துல, அள்ளி விடு ராதிவோய்!'னு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் பதினாலாம் நம்பர் பந்து கொடுத்தா என் கண்ணு வெல்கோ பக்கம் போகுது. திரும்பி வர்றதுக்குள்ள கூடை விழுந்துடுது. பாக்காததை எப்படி எழுதறது? எழுதல."

நேர்மையானவன் என்ற பெயரைக் காப்பாற்ற ஒரு மனிதர் தன் சொந்த மருமகனிடம் ஆட்டத்துக்கு ஒன்றரை திருடியிருக்கிறார். எங்கள் ஊரில் இதற்குத் தண்டனை கிடையாது. நகர மன்றத்தில் பாராட்டிப் பேசுவார்கள்.

லீக் அலுவலகத்துக்கு எழுதினார். தாள் ஏற்றி இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பிறகு திருத்த முடியாது என்று பதில் வந்தது. வெண்டலுக்கு நான் ஆங்கிலத்தில் எழுதினேன். தப்பு என் பக்கம், பையன் பக்கம் இல்லை என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் ராதிவோய். சேர்த்தேன். நான்கு மாதம் பதில் இல்லை.

ஜூனில் ஒரு வியாழக்கிழமை இரவு ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவில் பெயர்களை வாசித்து முடித்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் ராஸ்த்கோ ஐம்பத்து மூன்றாவது. வெண்டலின் கழகம்தான். எடுத்து வைத்தார்கள், கூட்டிப் போகவில்லை. இன்னும் இரண்டு வருடம் அங்கேயே ஆடட்டும், பழுத்தால் பார்க்கலாம் என்றார்கள்.

அன்று மாலை வெண்டலின் பதிலும் வந்தது. விடுபட்ட கோடுகளைப் பற்றி ராதிவோய் வருந்த வேண்டாம், எங்கள் கணினி உங்கள் லீக்கின் எண்கள் எல்லாவற்றையும் எப்படியும் பாதியாக்கிவிடும் என்று எழுதியிருந்தார். தவிர, இந்த வருடம் அணியில் இடம் கேட்காத ஒரு ஆள் எங்களுக்குத் தேவைப்பட்டார், வாழ்த்துகள்.

தெசான்கா வீட்டில் வைத்து ராதிவோய்க்குப் படித்துக் காட்டினேன். "அப்ப என் பென்சிலால இல்லை?" என்றார். இரண்டு தடவை கேட்டார். முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

ராஸ்த்கோ வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

"ஆனா மாமா, நாப்பத்தாறுல பாதியும் எண்பத்தி மூணுல பாதியும் ஒண்ணில்லையே?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்காகத்தான் சொன்னான். ராதிவோய் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கோடை முழுக்க தெசான்கா அண்ணனைச் சூப்புக்குக் கூப்பிடவில்லை.

அக்டோபரில் புதுப் பருவம் தொடங்கியது. மேசையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்றார் ராதிவோய். ஆறிப்போன காப்பிக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்: பதினான்காம் எண்ணின் கோடுகளை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்க்கும் மருந்துக்கடை சிமா போடுவார். ராதிவோய் மற்றவர்களைப் பார்ப்பார்.

இடைவேளை வந்தது. காப்பி வந்தது. சிமாவின் தாளை எட்டிப் பார்த்தார் ராதிவோய்.

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"மூணு, சிமா! அந்த மூலையில கொடுத்தது என்ன? கூடைக்கு அடியில கொடுத்தது என்ன? பந்து தரையைத் தொட்டுச்சா? நீ எங்கய்யா பாத்துக்கிட்டு இருந்த?"

"கத்தாத ராதிவோய், எல்லாரும் பாக்கறாங்க."

எழுந்து நின்றுவிட்டார். இருபத்தேழு வருடத்தில் மேசையிலிருந்து அவர் குரல் அரங்கத்துக்குக் கேட்டதில்லை. மேல் வரிசையிலிருந்து வெல்கோ வாயருகே கையைக் குவித்துக்கொண்டான்.

"ஆரம்பிச்சுட்டான்யா மாமன்காரன்! அள்ளி விடு ராதிவோய்!"

எல்லோரும் சிரித்தார்கள். ராதிவோயின் காது சிவந்தது. இந்த முறை அவர் வெல்கோ பக்கம் திரும்பவில்லை. சிமாவின் தாளைத் தன் பக்கம் இழுத்து, பதினான்குக்கு நேரே இரண்டு கோடு போட்டார். அவ்வளவு அழுத்திப் போட்டதில் இரண்டாவது கோட்டில் பென்சில் முனை ஒடிந்தது. ஆறிப்போன காப்பியைத் தொடாமல், நின்றபடியே அதைச் சீவிக்கொண்டிருந்தார்.