எஸ்தர் காட்டிய வரைபடம்

போன ஞாயிறு மாலை டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் தமிழ் அமைப்பின் மாதக் கூட்டம். நன்றியுரை நான். பல வருடமாக அந்த வேலையை என் தலையில்தான் கட்டுகிறார்கள். பேச்சாளர் யாரென்றுகூடக் கேட்காமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். தலைப்பு மட்டும் தெரியும்... மனிதன் எங்கிருந்து வந்தான்?

பேச்சாளர் மேடை ஏறினார். நான் நாற்காலியில் சற்றுக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண்ணைப் பத்து நாள் முன்புதான் பொய் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தேன்.

பக்கத்து முனிர்காவில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு உண்டு. மூன்றாவது மாடி, ஒரே அறை. குடியிருந்தவர் காலி செய்ததும் புரோக்கர் போன் செய்தார். பிஎச்.டி. மாணவி, அமைதியான பெண், பெயர் எஸ்தர் என்றார். எஸ்தர்! எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் தெருவுக்கு இரண்டு எஸ்தர் இருப்பார்கள். நம்ம ஊர்ப் பெண் என்று நானே முடிவுகட்டி, உடனே வரச்சொன்னேன்.

வந்தவர் கென்யாக்காரர்.

அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். பிடித்திருக்கிறது என்றார். காலையில்தான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றேன் நான். கூசாமல் வந்தது பொய். பக்கத்தில் நின்ற என் மனைவி சுவரைப் பார்த்தாள். எஸ்தர் ஒரு ‘தாங்க்யூ சார்’ சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மாடியில் யார் என்ன சொல்வார்களோ, கீழ்வீட்டுக்காரர் முகம் எப்படிப் போகுமோ... நூறு யோசனை. அந்தப் பெண் எப்படிப்பட்டவர் என்ற யோசனை மட்டும் அதில் இல்லை. இத்தனைக்கும் இதே டெல்லியில் ‘மதராசிகளுக்கு வீடு கிடையாது’ என்ற பதிலைக் கேட்டுப் படியிறங்கியவன்தான் நான்!

இப்போது அவர் மேடையில். நான் முன்வரிசையில். எழுந்து ஓடவா முடியும்?

அவருடைய ஆராய்ச்சியே இதில்தானாம். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். நம்மைப் போன்ற மனிதர்களின் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவில்தான் கிடைத்திருக்கின்றன. டி.என்.ஏ.வும் அதையே சொல்கிறது. ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இருக்கும் இரண்டு பேருக்கு இடையிலான மரபணு வேறுபாடு, ஒரு தமிழருக்கும் ஒரு நார்வேக்காரருக்கும் இடையே உள்ளதைவிட அதிகமாக இருக்கக்கூடும். காரணம்? அங்கேதான் மனிதர்கள் அதிக காலம் வாழ்ந்திருக்கிறார்கள். அங்கிருந்து கிளம்பிய ஒரு சின்னக் கூட்டத்தின் வாரிசுகள்தான் வெளியே இருக்கும் நாமெல்லாம்.

திரையில் ஒரு வரைபடம் வந்தது. செங்கடலின் வாய்ப்பகுதியைத் தாண்டி அரேபியக் கரையோரமாக ஒரு கோடு நீண்டது. அந்தக் கோடு இந்தியாவைச் சுற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா வரை போனது. கடற்கரை வழியாக வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து, இன்னும் விவாதம் நடக்கிறது என்றார்.

பின்வரிசையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுந்தார்.

“அப்படின்னா நாம எப்பம்மா நெறம் மாறினோம்?”

செயலாளர் மொழிபெயர்த்தார். எஸ்தர் சிரித்தார். வெயிலுக்கு ஏற்ப நிறம் மாறியது என்றும், மனித வரலாற்றின் கணக்கில் அது நேற்று நடந்த விஷயம் என்றும் சொன்னார். கைதட்டல். நானும் தட்டினேன்.

என் முறை வந்தது. நன்றியுரையைத் தமிழில் வழக்கம்போலச் சொல்லி முடித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது எவ்வளவு வசதி!

காபி மேஜையருகே, கூட்டத்துக்குக் கூட வந்திருந்த மனைவி என் கையைப் பிடித்தாள். “அன்னைக்கே தப்புன்னு தெரிஞ்சுது. நானும்தான் வாயத் தொறக்கல. போய்ச் சொல்லுங்க.”

போனேன். அன்று வீட்டை யாருக்கும் கொடுக்கவில்லை, பொய் சொன்னேன், மன்னியுங்கள் என்றேன்.

“தெரியும் சார். அடுத்த வாரமும் டு-லெட் போர்டு தொங்கிச்சு. அந்தத் தெருவுலதான் தினமும் நடக்கிறேன்” என்றார் ஆங்கிலத்தில்.

வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒன்பது வீடுகள் கைவிரித்த பிறகு பத்தாவதாக ஓர் அறை கிடைத்துவிட்டதாம். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. ஒரு மனுஷிக்கு இது எத்தனை தடவை நடந்திருந்தால் கோபம்கூட வராமல் போகும்?

பிறகு அரங்கத்தைத் திரும்பிப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

“என்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லலாமே, சார். இவங்கள்ல சிலருக்கும் வாடகை வீடு இருக்குமில்ல?”

நான் மேடைப் பக்கம் திரும்பினேன். மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கிளம்பியாயிற்று. ஒரு குரல் கொடுத்திருந்தால் மீதிப் பேர் நின்றிருப்பார்கள். கொடுக்கவில்லை. மறுபடியும் பயம்.

அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

உங்களிடம் காலி வீடு ஏதாவது இருக்கிறதா?