டிவிக்குக் காய்ச்சல்

வீடெல்லாம் சூடான பிளாஸ்டிக் வாசம். என் மகள் ஜெனி சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகளைப் பலகையில் அடுக்கி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டவைத்திருந்தாள். பழைய வீடியோ கேமில் குடை பிடித்துக் குதிக்கும் குரங்கு. சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று கேட்டது நான். என் சின்ன வயதில் எங்கள் கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. அதில் குரங்குக்கு வேறு நிறம் ஏது?

இந்த வாசமும் அங்கே உள்ளதுதான். அப்பா டியூட்டிக்குப் போனதும் அண்ணனும் நானும் கேமோடு உட்காருவோம். ஆட ஆட டிவியின் முதுகு கொதிக்கும். சைக்கிள் பெல் கேட்டதும் அணைத்துவிட்டு, ஆளுக்கொரு அட்டையால் அதற்கு விசிறுவோம். அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து அதன் முதுகில் உள்ளங்கையை வைப்பார்.

"ஏ பிள்ளையளா, டிவிக்குக் காய்ச்சல் அடிக்குதே! கஞ்சி வச்சுக் கொடுத்தியளா?"

அடிக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு எங்களுக்குக் கஞ்சிதான்.

அப்பா இப்போது கராடியில் எங்கள் ஃபிளாட்டில் எங்களோடு இருக்கிறார். ஹாலில் பைபிள் வசனக் காலண்டர் தொங்கும் சுவர் அவருடையது. வேறு எதையும் மாட்ட விடமாட்டார். ஜெனிக்கோ அந்தச் சுவர்தான் வேண்டும்.

"தாத்தா, ப்ளீஸ் நா!" என்று பள்ளிக்கூட இந்தி கலந்து இழுத்தாள்.

அப்பா குரங்கை வாங்கித் திருப்பி, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

"காய்ச்சல் விட்டுருச்சு," என்றார். "காலண்டரைக் கொஞ்சம் தள்ளி மாட்டுட்டி."