துரை தொப்பியை ஆட்டிய அன்று

லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் என்னைக் காரில் ஏற்றி, நீர்த்தேக்கத்துக்குக் கீழே ஓடும் ஓர் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனான். வெள்ளைக்காரர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டிலைச் சாட்டை மாதிரி வீசிக்கொண்டிருந்தார்.

“அது புழு இல்லம்மா, இறகுல கட்டின பொய்ப்பூச்சி” என்று எனக்குப் பாடம் எடுத்தான்.

“எனக்கேவா சொல்ற? எங்க வீட்டுச் சேவல் இறகுல கட்டினதுடா அது” என்றேன். சிரித்தான். மேலே நான் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து ஆற்றில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதே வெள்ளைக்காரர்கள்தான். நாங்கள் அதைத் துரைமீன் என்போம். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்து ஆள் பிடித்தால் வேலைப் பதிவில் பேரை வெட்டித் தோட்டத்தை விட்டே விரட்டுவார்கள். துரைக்குப் பூச்சி கட்டிக் கொடுப்பதும், மாட்டிய மீனை வலையில் அள்ளுவதும் என் தாய்மாமாவின் வேலை.

“சேவல் மயிரைப் பூச்சின்னு நம்புது பாருக்கா. நம்ம கங்காணிய விட மக்கு மீனு” என்பார் மாமா.

“மெதுவா பேசுடா, செவுத்துக்கு அந்தப் பக்கம் அவரு மச்சினன் இருக்கான்” என்று அம்மா சிரிப்பை அடக்குவாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர்.

ஆற்றுக்கு மேலே அணை. சக்கரத்தைத் திருகி அதன் கதவை ஏற்றி இறக்குவது அப்பா. துரை மீன் பிடிக்க வந்தால் கதவை இறக்கி ஆற்றைத் தணிய விடவேண்டும். முடிந்து ஆட்கள் கரையேறியதும் துரை பாறைமேல் நின்று தொப்பியை ஆட்டுவார்; கதவைத் தூக்கவேண்டும். அணையிலிருந்து பாறை மட்டும்தான் தெரியும். ஆறு வளைவுக்குள் மறைந்துவிடும்.

அன்று நானும் அப்பாவோடு அணையில் இருந்தேன். துரை தொப்பியை ஆட்டினார். இவ்வளவு சீக்கிரமாகவா என்று அப்பா தயங்கினார். துரை இன்னும் வேகமாக ஆட்டினார். தாமதித்தால் ஏச்சு விழும். அப்பா சக்கரத்தைத் திருகினார்.

அதுவரை காணாத பெரிய மீன் மாட்டிய சந்தோஷத்தில் ஆட்டினாராம் துரை. மாமா அப்போது வலையோடு நடு ஆற்றில் நின்றிருக்கிறார்.

கீழே மூங்கில் புதரில்தான் மாமாவைக் கண்டெடுத்தார்கள்.

கங்காணி வந்து, “வழுக்கி விழுந்தான்னு துரை சொல்லிட்டாரு. நீயும் அப்படியே சொல்லிக்க” என்றார். அப்பா தலையாட்டினார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயந்தரம் பங்களா ஆள் அந்த மீனை இலையில் சுற்றிக் கொண்டுவந்தான். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் துரைமீன். எழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதறியாமல், எப்போது பொரிப்பீர்கள் என்று கேட்டேன். அம்மா அதை எடுத்து நாய்களுக்கு எறிந்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை அம்மா ரொட்டி சுட்டாள். அப்பா அவளுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார்.

“உங்கப்பனைச் சாப்பிடச் சொல்லு” என்றாள் என்னிடம்.

“அப்பா, சாப்பிடணுமாம்.”

“எனக்கு வேணாம்னு சொல்லு” என்றார் அப்பா. சொன்னேன்.

அதிலிருந்து அவர்களுக்குள் எந்தப் பேச்சும் என் வாய் வழியாகத்தான். இந்தப் பிள்ளையில்லாமல் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கைமாறாது என்று லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.