ஜீவராணி அன்ரி பிடிக்கும் வீடியோ கோல்

"முகம் வடிவாத் தெரியுதா மகன்? தெரியாட்டிச் சொல்லுங்கோ, நான் ஃபேனுக்கு அந்தப் பக்கம் வாறன்."

வலது முழங்கையை இடது உள்ளங்கையில் தாங்கியபடி, சவப்பெட்டியின் தலைமாட்டில் கைபேசியோடு நிற்கிறார் ஜீவராணி அன்ரி. கொழும்பு கொட்டாஞ்சேனையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீடியோ கோல் பிடிப்பவர் அவர்தான். காலையில் துறைமுகக் கந்தோர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு, வெள்ளைச் சேலையில் வந்துவிடுவார். கைப்பையில் செபமாலை, பவர் பேங்க். இந்தக் கிழமை இது மூன்றாவது வீடு. "தோள்மூட்டு கழண்டுபோச்சு" என்பார். கைபேசியை மட்டும் இறக்கமாட்டார்.

இன்று எங்கள் வீடு. பெட்டியில் அம்மா. லண்டனில் என் தம்பி டெரிக். விசா வழக்கு முடியவில்லை, வெளியேறினால் திரும்பிப் போக முடியாது.

அன்ரி அவனிடம் ஓயாமல் கதைத்தார். "அம்மாவுக்கு அந்த நாவல் நிறச் சாறிதான் உடுத்தியிருக்கு. கடைக்கார சப்ரி நானா குடும்பமா வந்திட்டுப் போறார். மகன், மைக்கை மூடுங்கோ, உங்கட றூம்காரன்ட மிக்ஸி செபத்துக்குள்ள வருது."

இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

பக்கத்தில் நின்ற என்னிடம் அவர் எதுவும் கதைக்கவில்லை. ஒரு கோப்பை பிளேன்ரீயை என் கையில் திணித்தார். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நெட்வேர்க் பொறியியலாளர். ரவுட்டரைப் பெட்டிக்கு அருகே கொண்டுவந்து வைத்தேன். கடைசிச் செபத்துக்கு டெரிக் மைக்கைத் திறந்தான். அவனுடைய ஆமென் எங்களுடையதற்கு ஒரு விநாடி பிந்தி வந்தது. அந்தத் தாமதத்தை அதற்குமேல் என்னால் குறைக்க முடியவில்லை.

மூன்று மணி. ஒவ்வொருவராக அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டோம். கடைசியாக நான். சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர், பெட்டியை அடைக்க மூடியைத் தூக்கினார்.

"அன்ரி, நான் இன்னும் கொஞ்சேல்லயே." திரையிலிருந்து டெரிக்.

"உங்களுக்காக நான் கொஞ்சிவிடுறன் மகன்."

"இல்ல அன்ரி. நான்."

அன்ரி மலர்ச்சாலைக்காரர் பக்கம் திரும்பினார். "மல்லி, பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவரை நிறுத்தினார்.

"இப்ப உங்களுக்கு அம்மாவத் தெரியாது மகன். இருட்டாத்தான் இருக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தார். குனிந்து, தம்பியின் முகம் இருந்த பக்கத்தை அம்மாவின் நெற்றியில் வைத்தார். போதும் என்று அவன் சொல்லும்வரை நிமிரவில்லை.