லவினாவின் ஞாயிற்றுக்கிழமை ரோந்து

அப்பாவை அடக்கம் செய்த பிறகு ஆஸ்டின் டவுன் வீட்டில் லவினா தனியாகத்தான் இருந்தாள். நாற்பத்தாறு வயது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு டைப் செய்வது வேலை. வாரம் முழுக்கக் காதில் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். அவளோடுதான் யாரும் பேசுவதில்லை.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரில் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டைத் திறப்பாள். கூட்டாளி அதே ஊரில் ஸ்ரீராம்புரத்து தினேஷ். ஆளுக்கொரு நீர்மூழ்கி; எதிரியின் சரக்குக் கப்பல்களை அடிக்க வேண்டும். நேரில் பார்த்ததில்லை; ஹெட்போன் மைக்கில் பேசிக்கொள்வதுதான். சரக்குக் கப்பல்கள் கூட்டமாக வந்தால் பின்னால் துரத்தக் கூடாது என்பதைப் கூட வரும் காவல் கப்பல்களிடம் பலமுறை அடிபட்டு மூழ்கித்தான் இருவரும் கற்றார்கள். ஒருவர் தொலைவில் நின்று திசை சொல்ல, மற்றவர் சுற்றிப் போய், அவை வரும் வழியில் மூழ்கி, மோட்டாரை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது லவினா. "வலது பக்கம் திரும்புதுக்கா, அவசரப்படாதீங்க" என்பான் தினேஷ். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒலித்த குரல் அது ஒன்றுதான்.

மழைக்காலத்தில் அவன் வருவது நின்றது. அவன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தனியாக ரோந்து போனவளைக் காவல் கப்பல்கள் சுலபமாக மூழ்கடித்தன. மாவு மில்லுக்கு மேல் வீடு என்று அவன் எப்போதோ சொன்னதை வைத்து, ஒரு சனிக்கிழமை ஸ்ரீராம்புரம் போய் விசாரித்தாள்.

கதவைத் திறந்த அவன் அம்மா சரசு, எந்த ஆபீஸிலிருந்து என்று கேட்டாள். சேர்ந்து விளையாடுகிறவள் என்றதும் மேலும் கீழும் பார்த்தாள்.

"அவன் யாரையும் பாக்கறதில்லம்மா. தொண்டையில கட்டின்னு ஆபரேஷன் பண்ணாங்க. குரல் போயிடுச்சு."

உள்ளே கழுத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தவனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவளைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு போனில் எழுதி நீட்டினான்: 'திசை சொல்ல முடியாதவன் எதுக்குக்கா?'

லவினா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மைக்கை விரலால தட்டு. ஒரு தட்டு இடது, ரெண்டு வலது. விடாம தட்டினா சுட்டுடறேன்."

அவன் போனை மடியில் வைத்துக்கொண்டான். சரசு கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறு திரையில் அவன் பெயர் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் காதில் இரண்டு தட்டு. வலது பக்கம் திருப்பினாள்.

ஒரு கப்பலை அடித்துவிட்டு ஆழத்துக்கு இறங்கி, மோட்டாரை மெதுவாக்கிப் பதுங்கினார்கள். இந்த நேரத்தில் எப்போதும் தினேஷ் அந்த வாரம் நடந்ததையெல்லாம் சொல்வான், அவள் கேட்பாள். இப்போது அவன் மூச்சு மட்டும் கேட்டது. லவினா தயங்கித் தயங்கி, அப்பாவின் கட்டிலை முன்னறையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை, அங்கே விளக்குக்கூடப் போடுவதில்லை என்று ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் இருந்தான்.

ஹெட்போனைக் கழற்றியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எழுந்து போய் முன்னறை விளக்கைப் போட்டாள்.