வெள்ளைத் துணியில் தெரியாத பிழை

முதலிபாளையத்தில் ஒரு நிட்டிங் யூனிட்டில், ஓடும் துணியைப் படமெடுத்து ஓட்டை கண்டுபிடிக்கும் கேமராப் பெட்டியை மாட்டியிருந்தோம். அதன் இயங்குதளத்தின் அடிப்படை நிரலான கெர்னலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. துணியின் புது வரிகள் வரவர, பழைய படத்தை நினைவகத்தில் கொஞ்சம் கீழே நகலெடுத்து நகர்த்த வேண்டும். அந்த நகல் மெதுவாக நடந்ததால், மெஷின் வேகமெடுத்தால் படம் விட்டுப்போனது.

எட்டு எட்டு பைட்டாக எடுத்ததை அறுபத்து நான்காக எடுக்க வைத்தேன். நிரலின் நடுவில் இருந்த ஒரு சோதனையையும், வேலையில்லாமல் நிற்கிறது என்று தூக்கினேன். இரண்டு மடங்கு வேகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைத் துணியை ஓட்டிப் பார்த்தேன்; படம் பளிச்சென்று வந்தது.

அடுத்த வாரம் ஒரு ரோலில் விரல் நுழையும் ஓட்டை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே துணி செக்கிங் பார்க்கும் அக்கா அதைக் கொண்டுவந்து காட்டினார். திரையில் அந்த இடம் சுத்தமாக இருந்தது.

"மெஷின்ல இருந்து நல்லாத்தானுங்க வந்திருக்குது. அக்கா ரோலை இறக்கறப்பக் கிழிச்சிருப்பாங்க," என்றேன், எல்லார் முன்னாலும்.

முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. "சனிக்கிழமையோட நின்னுக்குங்க," என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை, முதல்முறையாகக் கோடு போட்ட துணி ஓடியது. துணியில் நீலக்கோடு ஒன்று. திரையில் இரண்டு. நிரலைத் திறந்து பார்த்தேன். படத்தை நகர்த்தும்போது பழைய இடமும் புது இடமும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்போது கடைசியிலிருந்து நகலெடுக்க வேண்டும். நான் தூக்கிய சோதனை அதைப் பார்க்கத்தான் இருந்தது. முதலிலிருந்து எடுத்தால், எழுதிய வரியே திரும்பவும் எழுதப்படும். ஓட்டை விழுந்த வரியின்மேல் நல்ல வரி போய் உட்கார்ந்துவிட்டது. வெள்ளைத் துணியில் எல்லா வரியும் ஒன்றுதானே, எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் எனக்கே வக்காலத்து வாங்கினேன். பிறகு வெட்கமாகிவிட்டது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "அவங்ககிட்டச் சொல்லுங்க. திங்கக்கிழமை வரச் சொல்லீருங்க," என்றார்.

அக்கா டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "நீங்க கிழிக்கலீங்கக்கா. தப்பு என்னோடதுங்க."

"அது எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "அன்னைக்கு எல்லார் முன்னாடியுந்தான சொன்னீய. இதையும் அப்படியே சொல்லுங்க."

மெஷின்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முதலாளி கையைக் காட்டினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மறுபடி சொன்னேன்.