தெங் டீச்சர் வகுப்பில் நாற்பது கைகளும் மேலே

சீனாவில் வென்ஜோ நகரத்துக்குப் பக்கத்துக் கடலோரச் சிற்றூரில் இருமொழிப் பள்ளி திறந்த பாங், பொத்தான் தொழிற்சாலை முதலாளி. அவருக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வெளிநாட்டு வியாபாரிகள் முன்னால் ஊமையாய் நின்ற அவமானம் அவருக்கு ஆறவே இல்லை. "நம்ம பிள்ளைங்க ரெண்டு மொழியிலயும் எதிர்த்துப் பேசணும்யா!" என்பார். பள்ளியின் லட்சியம் அவ்வளவுதான். வாசலில் மட்டும் அதைக் கொஞ்சம் நாகரிகமாக்கிப் பொன்னெழுத்தில் பொறித்து வைத்தார்கள்.

முதல் வருஷமே வேலைக்குச் சேர்ந்தவள் தெங் ஷூமின், அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்ட அரசுப் பள்ளியிலிருந்து வந்தவள். முப்பது வயதுக்கு மேல் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் வானொலி கேட்டே ஆங்கிலம் படித்தாள். பாங்கின் பணம்தான் பள்ளியைத் தூக்கி நிறுத்தியது என்பார்கள். என்னைக் கேட்டால் தெங்கின் வகுப்பு என்பேன்.

பெற்றோர் பார்வையிட வரும் நாளில் அவள் கேள்வி கேட்டால் நாற்பது கைகளும் மேலே போகும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். சூட்சுமம் இதுதான்: விடை தெரிந்தவர் வலக்கை, தெரியாதவர் இடக்கை. வலக்கைகளை மட்டும் அவள் கூப்பிடுவாள். நாளடைவில் தினசரி வகுப்பிலும் அதுவே வழக்கமாகிவிட்டது.

அவளுடைய ஒரே மகள் ரூயியும், பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் அந்த வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் சொன்னாலும் தெங் பொறுத்துக்கொள்வாள், வாத்தியார் பிள்ளைக்குச் சலுகை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

"நீ எப்பவும் இடக்கையையே தூக்குடி. மத்தவங்க பிள்ளைங்க பேசட்டும்" என்றாள். ரூயி தலையாட்டினாள். நாலு வருஷம் இடக்கையையே தூக்கினாள். எழுத்துத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள்.

பிறகு பள்ளிக்குப் பெரிய ஆசை வந்தது. வெளிநாட்டுக் கல்வி வாரியம் ஒன்றோடு சேர்ந்து சர்வதேசப் பிரிவு தொடங்குவது. முதல் அணிக்கு இருபத்து நாலு பேர். அதில் இடம் கிடைத்தால் வெளிநாட்டில் பட்டப்படிப்பு. ஆனால் விண்ணப்பிக்க வேண்டுமானால் அரசு மேல்நிலைப் பள்ளியில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தெங் யோசிக்கவே இல்லை. ரூயிக்குக் கிடைத்திருந்த இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள்.

பள்ளியைப் பார்த்து அனுமதி தரவும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கவும் வாரியத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது என்று தெங் கேட்டாள். நாற்பது கைகள் உயர்ந்தன. ஒரு வலக்கையைக் கூப்பிடப் போனபோது அந்த அம்மாள் குறுக்கிட்டாள்.

"கடைசி வரிசையில இருக்கிற அந்தப் பொண்ணு சொல்லட்டுமே?"

அது ரூயி. தெங்குக்கு மனசுக்குள் சந்தோஷம்தான். கடைசியில் தன் மகளும் பேசப் போகிறாள்.

ரூயி எழுந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் கேள்வியை மெதுவாகத் திரும்பச் சொன்னாள். சீன மொழியிலேயே சொல்லலாம் என்றும் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள் ரூயி. சீனத்தில்தான் சொன்னாள்.

பள்ளிக்கு அனுமதி கிடைத்தது. பட்டாசு வெடித்தார்கள், பாங் கண்ணீர் விட்டார். இருபத்து நாலு பெயர்களில் ரூயி இல்லை. அரசுப் பள்ளியில் அவள் இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிட்டது. மிச்சமிருந்தது பக்கத்து நகரத்துத் தொழிற்பள்ளியும் அதன் விடுதியும்.

கிளம்பும் நாள் காலையில் ரூயி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தெங்குக்குத் தாங்கவில்லை.

"அவ்ளோ மார்க் வாங்கினியேடி!"

"எல்லாம் மனப்பாடம்மா. பாடம் இங்கிலீஷுக்கு மாறினதுலேருந்து எனக்கு ஒண்ணும் புரியல."

"புரியலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, பாவி?"

"தினமும்தான் சொன்னேன். எல்லார் முன்னாடியும் இடக்கையத் தூக்கித் தூக்கிச் சொன்னேன். நல்ல பிள்ளைன்னு நீ என்னப் பாத்து சிரிச்ச."

தெங் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டியைப் பூட்டும் வரை மகள் திரும்பிப் பார்க்கவில்லை.